ஸமீம் நம்பாத ஆறு

1

ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் "நில்லுடா!" என்றேன். நின்றுவிட்டது.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, பதுளைக் கடைவீதி முழுக்கச் சிரித்து முடித்த வரிதான் இது. இதற்குப் பதிலாக நாகரிகமான தொடக்கங்கள் சிலவற்றையும் எழுதிப் பார்த்தேன். வீணாக்க மனமில்லாததால் அவற்றை இங்கேயே கிடத்திவைக்கிறேன்.

"கார்த்திகை மாதத்து இளவெயில் தேயிலைச் சரிவுகளின் மேல்" (இதற்குமேல் போகவில்லை. படர்ந்தது, தவழ்ந்தது, விளையாடியது எல்லாவற்றையும் மற்ற எழுத்தாளர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். என் வெயிலுக்கு வினைச்சொல் மிச்சமில்லை.)

"மிகைப்படுத்தாமல் சொல்வதென்றால்" (பேனை மறுத்துவிட்டது. சத்தியமாக, மை வரவில்லை.)

ஆகவே, நில்லுடா என்றேன், நின்றது. அதோடு போவோம்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. சிவசக்தி கேட்டது ஒரு பலகைக்கு நாலு வரி. எங்கள் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே சின்னாற்றில் தொட்டிமடு என்று ஓர் இடம் உண்டு. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் வட்டமான ஆழம், யாரோ கொத்தனார் கட்டிக் கொடுத்த மாதிரி. கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு, அங்கே லொறி டியூப்களில் ஆட்களை மிதக்கவிட்டும் சின்னப் படகு ஒன்றில் சுற்றிக் காட்டியும் பிழைப்பவள் சிவசக்தி. போன மழைக்காலத்தில் அங்கே நடந்த காரியத்துக்குப் பிறகு டியூப்களைக் காற்றிறக்கிச் சுருட்டி வைத்துவிட்டாள். இப்போது மறுபடி திறக்கப் போகிறாள்.

"டொக்டரையா, எந்தத் தண்ணியில எறங்கலாம், எதுல எறங்கக் கூடாதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. மடுவுக்கு மேல நட்டு வைக்கிறேன். நாலே வரி. ஒங்க கதை ஒன்னும் வேணாம்."

மூன்று வரி சுலபமாக வந்தது. நாலாவது வரியை எழுதிக் காட்டினேன்: "மழைக்காலத்தில் ஆறு திடீரென்று மெலிந்தால், மீனை விட்டுவிட்டு மேலே ஏறி ஓடு."

சிவசக்தி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "சரிதாங்க. ஆனா இத யாரு நம்புவா? அப்படி ஒன்னு நடக்கவே இல்லன்னு குடைக்கடை ஸமீம் நானா டவுன் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்காரே. வர்றவங்க எல்லாம் டவுன் ஆளுங்க. நீங்க எழுதுனீங்கன்னு தெரிஞ்சா பலகைக்கு முன்னாடி நின்னு போட்டோ புடிச்சு சிரிப்பாங்க."

அதுதான் சிக்கல். ஆட்கள் மறுபடி அந்த ஆற்றில் இறங்கப் போகிறார்கள். அவர்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே வரியை எழுதியவன் மாவட்டத்திலேயே பெயர்பெற்ற புளுகன். அந்த வரி உண்மை என்று சொன்னால் டவுன் நம்பக்கூடிய ஒரே ஆள், அது நடக்கவேயில்லை என்கிறார்.

2

அவர்களுக்கு நான் டொக்டர். உண்மையில் டொக்டர் இல்லை, தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் மாமியார் தொல்லைக்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கலக்கிக் கொடுத்தே மூன்று தலைமுறையை எழுப்பி நடக்கவிட்டவன். பெயர் சின்னராசா. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் நோயாளி இல்லாமல் கை அரித்தது. பக்கத்தில் படுத்தபடி முனகிக்கொண்டிருந்தது ஆறு ஒன்றுதான். அதற்கு நாடி பார்க்க ஆரம்பித்தேன்.

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை என்று ஒரு கண்டிப்பான வாசகர் சொல்லக்கூடும். அவர் நீந்தத் தெரியாதவராக இருக்க வேண்டும்.)

முதலில் நிறம். முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்தால் கால் நகம் தெரிகிறதா? தாராளமாக நீந்துங்கள். பால் விடாத பிளேன்டீ நிறமா? தூண்டில் போடுங்கள், மீனுக்கு உங்கள் முகம் தெரியாது, அதனால் தைரியமாக வரும். பால் தேத்தண்ணி நிறமென்றால் கரையில் உட்கார்ந்து பால் தேத்தண்ணி குடிக்கலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை.

பிறகு மிதந்து வருவது. பழுத்த இலை வந்தால் கவலையில்லை, முடி உதிர்வது மாதிரிதான் அது. கிழிந்த பச்சை இலை வந்தால் மேலே எங்கோ ஓங்கிப் பெய்திருக்கிறது, படகை இழுத்துக் கட்டுங்கள். வேரோடு செடி வந்தால் கழற்றிவைத்த செருப்பைத் தேடாதீர்கள்.

குளத்துக்கு வேறு வைத்தியம். தேயிலை ஃபெக்டரிக்கு மேலே இருக்கிற எங்கள் குளம் காலையில் கண்ணாடி. மத்தியானமானால் அப்புத்தளைப் பக்கத்து மலையிடுக்கிலிருந்து காற்று இறங்கும். இறங்குவதற்குச் சற்று முன்னால் அக்கரைத் தண்ணீர் புல்லரிக்கும். அந்தப் புல்லரிப்பைக் கண்டவுடன் துடுப்பைத் திருப்பிவிட வேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்பவனைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் மறுபேச்சு.*

(* ஒரு தடவை அந்தக் காற்றில் என் குடை பறந்துபோய், ஹல்துமுல்லையில் மழையில் நடந்துகொண்டிருந்த ஒருவரின் தலைக்கு மேல் விரிந்தபடியே இறங்கி, அவரை வீட்டு வாசல் வரைக்கும் நனையாமல் கொண்டுபோய் விட்டது. அவர் பெயரைக் கேட்காதீர்கள்.)

கடைசியாகச் சத்தம். தண்ணீர் கல்லின் மேல் சலசலத்தால் ஆறு சுகமாக இருக்கிறது. கல்லே அடியில் உருண்டு கடகடத்தால் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. சத்தமே இல்லாவிட்டால்?

அதைச் சொல்வதற்கு முன் ஸமீமை உட்கார வைக்க வேண்டும்.

3

பதுளைக் கடைவீதியில் குடையும் மழைக்கோட்டும் தூண்டிலும் விற்கிற கடை ஸமீமுடையது; நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். மழை பெய்தால் குடை போகும், மழை விட்டால் தூண்டில் போகும். வானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பக்கம்தான். ஞாயிறு தவறாமல் தொட்டிமடுவுக்கு வந்து என் பக்கத்தில் தூண்டில் போடுவார். பத்து மீன் பிடித்தாலும் பிடிக்காத முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

நான் ஒரு மீனின் நீளத்தைக் கைவிரித்துக் காட்டினால், ஸமீம் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து ஒன்றோடொன்று நெருக்கி வைப்பார். "இப்ப செல்லுங்க" என்பார். (சொல்லுங்க என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும்.) அவ்வளவு பிடிக்கும் எனக்கு அவரை. கேட்பவர் உடனே தலையாட்டிவிட்டால் புளுகுவதில் என்ன ருசி? ஸமீம் மாதிரி ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து ஒவ்வோர் அங்குலமாகக் குறைக்கும்போதுதான் எனக்கு அடுத்த அங்குலம் வளரும்.

ஆனால் தொட்டிமடு விஷயத்தில் மட்டும் அவர் என் கையைப் பிடித்து நெருக்குவதில்லை. எழுந்துபோய்க் கடையின் மூலையில் குடைகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார். யாராவது கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டே பதில் வரும்.

"அது சும்மா வந்த வெள்ளம். ஆறு நிக்கவுமில்ல, இவர் ஒண்டும் கண்டுபிடிக்கவுமில்ல. குளவி எண்டு கத்தி வெளாடினார், அந்த நேரத்துக்குத் தண்ணி வந்திச்சு."

டவுனுக்கு அது போதும். ஸமீம் பொய் சொல்லாதவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

4

அந்த ஞாயிறு.

(நாலு தடவை எழுதிக் கிழித்த பகுதி இது. இரண்டாவது தடவை எழுதியதில் ஒரு யானை வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதை அனுப்பிவிட்டேன்.)

பல நாள் விடாத மழை அன்று காலை சட்டென்று விட்டது. வானத்தைத் துடைத்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் ஈரத் துணி மூட்டைகளோடு ஆற்றுக்கு இறங்கினார்கள், முன்னால் ராசம்மா. ராசம்மா பேச ஆரம்பித்தால் கங்காணியே வேறு மலைக்கு வேலை மாற்றிக்கொண்டு போவார். டவுனிலிருந்து ஒரு வேன் வந்தது. ஸமீம், அவருடைய மகள் முஷ்ரிபா, சொந்தக்காரர்கள். சிவசக்தி டியூப்களுக்குக் காற்றடித்து நீளமான கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியதால் எல்லோரும் கரையிலேயே நின்றார்கள்.

சிவசக்தி வந்து கேட்டாள். "என்னங்கய்யா, எப்பத்தான் எறங்க விடலாம்?"

நான் நாடி பார்த்துவிட்டு ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன்.

"ஆத்துச் சத்தத்துல நீங்க பேசுறது ஒன்னும் கேக்கலைங்க!"

கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டமும் என்னைப் பார்த்தது. எனக்குக் கூட்டம் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். குடையைத் தூக்கி ஆற்றை நோக்கி நீட்டினேன்.

"நில்லுடா! பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஆறு இறங்க ஆரம்பித்தது.

இறங்கியது என்றால், யாரோ மேலே குழாயைப் பூட்டிய மாதிரி. ஒரு பாறை தலையைக் காட்டியது, இன்னொன்று தோளைக் காட்டியது, பிறகு நாங்கள் அதுவரை பார்த்தேயிராத பாறைகள் எல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து நின்றன. இரைச்சல் குறைந்து, சலசலப்பாகி, ஒழுகலாகி, ஓய்ந்தது. தொட்டிமடு மட்டும் ததும்பிக்கொண்டு நின்றது. அதற்கு மேலும் கீழும் வெறும் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தேங்கிய குட்டைகளில், ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாக்கள் துள்ளின.

கொஞ்ச நேரம் நான் இந்த மாகாணத்தின் கடவுளாக இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

"டொக்டரையா! என்ன மந்திரம்யா போட்டீங்க!" என்று ராசம்மா கூவிக்கொண்டே துணி மூட்டையை எறிந்துவிட்டு இறங்கினாள். எல்லோரும் இறங்கினார்கள். சேலைத் தலைப்பு, துவாய், கொழுந்துக் கூடை, தொப்பி, கையில் கிடைத்ததெல்லாம் வலையாகிவிட்டது. முஷ்ரிபா மடுவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். "வாப்பா! இங்க பாருங்க, கையாலயே புடிச்சிட்டன்!" என்று ஒரு மீனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்; அது அவள் முகத்தில் வாலால் அறைந்துவிட்டுத் தப்பியது. ஸமீம் கற்களின் மேலே நடந்து ஆற்றின் நடுப்பாறைக்கே போய், ராசா மாதிரி உட்கார்ந்து, தூண்டிலை மடுவுக்குள் விட்டார்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட ஆசையாக இருக்கிறது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும்.)

அப்போது வாசம் வந்தது. புதிதாக வெட்டிய குழியிலிருந்து வருமே, அந்தப் பச்சை மண் வாசம். என் காலடியில் ஒழுகிய மெல்லிய தண்ணீரில் ஒரு தேயிலைச் செடி உருண்டு வந்து கல்லில் தங்கியது. வேர் முழுசாக இருந்தது, மண் இன்னும் உதிரவில்லை.

கொதிக்கிற காய்ச்சலில் துள்ளிக்கொண்டிருந்த நாடி திடீரென்று அமைதியானால் டிஸ்பென்சரியில் யாரும் கைதட்ட மாட்டார்கள். அவ்வளவு மழைக்குப் பிறகு ஆற்றுக்கு மெலிய உரிமையில்லை. மேலே ஒரு சரிவு இடிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அந்த அடைப்புக்குப் பின்னால் மழைத் தண்ணீர் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கிறது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஆற்றுக்குத்தான் தெரியும்.

நடுப்பாறைக்கு ஓடினேன். வேனில் வந்தவர்கள் ஸமீமின் பேச்சைத்தான் கேட்பார்கள். மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தால், பழக்க தோஷம், வந்தது இதுதான்:

"நானா, ஆத்துக்கு மலச்சிக்கல்! மேல மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்கு. இப்ப பேதியாகப் போகுது. எல்லாரையும் ஏத்துங்க, சீக்கிரம்!"

ஸமீம் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "அப்ப ஒங்கட செவப்பு மருந்துல கொஞ்சம் ஊத்துங்களே டொக்டர்."

"நானா, இது நெசம்."

"போன ஞாயித்துக்கெழமயும் நெசம் எண்டுதான் சென்னீங்க. மீன் குடை புடிச்சிட்டு வந்திச்சாமே."

அந்தப் பக்கத்திலிருந்து முஷ்ரிபா கூப்பிட்டாள். "டொக்டர் என்ன செல்றார் வாப்பா?"

ஸமீம் சிரித்துக்கொண்டே திரும்பிச் சொன்னார். "ஒண்டுமில்ல மகள்! தண்ணி இன்னம் எறங்குமாம். நீங்க புடிங்க!"

5

வாசகரே, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

மேலே உள்ள கடைசிப் பேச்சு, நான் நடுப்பாறைக்கு ஓடியதிலிருந்து "நீங்க புடிங்க" வரைக்கும், ஸமீமுக்குக் கொடுக்கப்போகும் பிரதியில் கிடையாது; இந்த ஐந்தாம் பகுதியும் கிடையாது. அவருடைய பிரதியில் அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: "எனக்கு விஷயம் விளங்கிவிட்டது; ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை."

ஏன் என்று கேட்பீர்கள். அன்றிலிருந்து இன்றுவரை, நாங்கள் தனியாக இருக்கும்போதுகூட, அந்தப் பேச்சை ஸமீம் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. ஆறு நின்றது என்று அவர் ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி, எனக்கு எப்படித் தெரியும் என்பது. அதற்கடுத்தது, யாரிடம் சொன்னேன் என்பது. அதற்கும் அடுத்தது முஷ்ரிபா கேட்கக்கூடிய கேள்வி. அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் ஆறே நிற்கவில்லை என்கிறார் மனிதர். வாழ்நாள் முழுக்க நான் சொன்னதெல்லாம் சின்னப் பொய். ஓர் ஆற்றையே ஓடவிட்ட அவர் பொய்க்கு முன்னால் நான் கத்துக்குட்டி.

ஆகவே அவருக்கு ஒரு வழி செய்து கொடுத்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை என்றால் அவரிடமும் சொல்லவில்லை. ஆறு நின்றது என்று அவர் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். என் நாலாவது வரி பிழைத்துவிடும்.

இவ்வளவு காலத்தில் நான் சுருக்கமாகச் சொன்ன பொய் இது ஒன்றுதான். எழுதும்போது கை கூசியது. அலங்காரமே இல்லை.

6

சரி, அந்த நேரத்தில் என்ன கத்துவது?

முதல் யோசனை: "வெள்ளம் வருது!" (காய்ந்து கிடக்கிற ஆற்றில் நின்றுகொண்டா? என்னை நன்றாக அறிந்தவர்களே சிரிப்பார்கள். மற்றவர்கள் உருண்டு சிரிப்பார்கள்.)

இரண்டாவது யோசனை: "தொரை வர்றாரு!" (தோட்டத்து மேனேஜர். அன்றோ ஞாயிற்றுக்கிழமை. யாருக்கு என்ன பயம்?)

மூன்றாவது யோசனைக்கு நேரமில்லை. வாய் தானாகக் கத்தியது.

"குளவி! குளவி கலைஞ்சிருச்சு! குளவி!"

தேயிலை மலையில் இந்தச் சொல்லுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. எங்கே, எத்தனை, பார்த்தாயா என்று யாரும் நிற்க மாட்டார்கள். கேட்டு நின்றவர்களை நான் டிஸ்பென்சரியில் முகம் வீங்கிப் பார்த்திருக்கிறேன்.

"குளவிடீ! தலையப் பொத்திக்கிட்டு ஓடுங்கடீ!" என்று ராசம்மா ஓட, கையில் இருந்த மீனெல்லாம் பறக்க, தோட்டத்துச் சனம் முழுக்கச் சேலையையும் துவாயையும் தலையில் சுற்றிக்கொண்டு கரையேறி மேட்டுப் பாதைக்குப் போய்விட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள். பெருமையோடு திரும்பிப் பார்க்கிறேன்.

வேனில் வந்தவர்களைக் காணவில்லை.

டவுன் ஆட்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், குளவி வந்தால் தண்ணீருக்குள் முங்க வேண்டும் என்று. முஷ்ரிபா உட்பட அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டிமடுவுக்குள் குதித்துவிட்டார்கள். உலகத்திலேயே நன்றாகப் பலித்த பொய் என்னுடையது. பாதிப் பேரை மலைமேல் ஏற்றி, மீதிப் பேரை ஆற்றின் அடியில் இறக்கியது.

7

சிவசக்தி ஓடவில்லை.

அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. (இது இரண்டு பிரதியிலும் உண்மை.) என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்த பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. டியூப் கோத்த கயிற்றை இழுத்து மடுவுக்குள் வீசிவிட்டு, "புடிங்க! எல்லாரும் டியூபப் புடிங்க!" என்று கத்தினாள். தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இழுக்கத்தான் ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து ராசம்மா படை திரும்பி வந்தது. குளவி இல்லை என்று தெரிந்து, என்னை உதைப்பதற்காக.

"எங்கங்க குளவி? எங்க? கிழவனாச்சேன்னு பாக்குறோம், இல்லாட்டி..."

"அடிக்கிறத அப்புறம் அடிங்க தாயி! இப்ப கயித்தப் புடிங்க!"

கோபத்தில் இருக்கிற கொழுந்துக்காரிகளின் இழுப்பை நீங்கள் பார்த்ததில்லை. ஒரே இழுப்பில் டியூப்களும் ஆட்களும் கரைக்கு வந்து, அந்த வேகத்தில் சிலர் பண்டாரவளை ரோட்டு வரைக்கும் (இல்லை. கரை வரைக்கும். ஸமீம் இதை வாசிப்பார்.) கரை வரைக்கும் வந்து விழுந்தார்கள். சிவசக்தி யாரையும் உட்காரவிடாமல் மேட்டுக்கு ஏற்றினாள்.

முஷ்ரிபா மட்டும் ஏறவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிய நடுப்பாறையைப் பார்த்து நின்றாள். அங்கே ஸமீம் தூண்டிலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் குளவியையும் நம்பவில்லை.

"வாப்பா! வாங்க!"

"பொய் மகள்! குளவியும் இல்ல, ஒண்டுமில்ல!"

அவள் கற்களின் மேல் திரும்பி நடந்தாள். நானும் பின்னால் போனேன். (நான் மூன்று பாறைகளை ஒரே தாவலில் தாண்டினேன். சிவசக்தியின் கணக்குப்படி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.) அவள் வாப்பாவின் பக்கத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வராட்டி நானும் போமாட்டன். குளவி கொட்டினா ரெண்டு பேருக்கும் கொட்டட்டும்."

ஸமீம் என்னை முறைத்தார். வேண்டுமென்றே ஆற அமரத் தூண்டில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார் என்று பயம். என் ஆயுளில் நான் மௌனமாக இருந்த மிக நீண்ட நேரம் அதுதான். கடைசியில், மகள் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அவர் எழுந்தார். மூவரும் கரைக்கு வந்தோம். சிவசக்தி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள்.

முதலில் வந்தது காற்று. மேலேயிருந்து, குளிராக, மண் வாசத்தோடு, ஆற்றுப் பாதை வழியாகவே வந்து முகத்தில் அடித்தது. பிறகு காலுக்குக் கீழே தரை நடுங்கியது. பிறகு வளைவில் அது திரும்பியது. தண்ணீர் என்று சொல்ல வராது. மண், பாறை, முழு மரங்கள், தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல். ஒரு மலை எழுந்து கடலுக்குப் போகப் புறப்பட்ட மாதிரி. (இதை நான் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமிருக்கவில்லை.) தொட்டிமடு மூடியது. நடுப்பாறை, ஸமீம் உட்கார்ந்திருந்த இடம், முழுசாக மறைந்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிறகு ராசம்மா என் தோளில் ஒரு தட்டு தட்டிச் சொன்னாள். "இம்புட்டுப் பெரிய குளவிய நான் பாத்ததே இல்லைங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அதோடு மேட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஒரு கத்தலை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை.

ஸமீம் மட்டும் முஷ்ரிபாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி பாறை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேனில் ஏறும்போதுதான் பேசினார்.

"மழைத் தண்ணி" என்றார்.

வேனில் வந்த மற்றவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு இன்றைக்கும் நினைவிருப்பது குளவி மட்டும்தான்.

8

முடிவு.

(அ) ஸமீம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பலகையில் மூன்று வரிதான். சிவசக்தி நாலாவது வரியை ஒவ்வோர் ஆளுக்கும் வாயால் சொல்கிறாள். டவுன்காரர்கள் "சரி சரி" என்று சொல்லிவிட்டு மீனைத் தேடிப் போகிறார்கள். (நிஜமாக நடக்கக்கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

(ஆ) ஸமீம் கண்கலங்கி என் கையைப் பிடித்து (ஸமீமா? வெங்காயம் உரித்தாலும் கலங்காத மனிதர்.)

(இ) சின்னாறே ஒருநாள் கரையேறி, பஸ் பிடித்து, பதுளைக் கடைவீதியில் ஸமீமின் கடை வாசலில் வந்து நின்று, "நானா, நான் நின்னது உண்மைதாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு குடையும் வாங்கிக்கொண்டு போகிறது. (இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிவசக்தி கூடாது என்றுவிட்டாள்.)

மூன்றும் சரிவரவில்லை. நான் எழுதினால் புளுகாகத்தான் வரும். ஆகவே முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், உங்களுக்கு முன்னால் ஒரு வாசகர் இருக்கிறார்.

9

கடையில் கூட்டமில்லை. வெளியே தூறியது. முஷ்ரிபா கல்லாவில் இருந்தாள். ஸமீம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருடைய பிரதியை வாசித்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தை வாசித்தேன். குடை ஹல்துமுல்லைக்குப் போன இடத்தில் மூக்கால் சிரித்தார். கடவுளான இடத்தில் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"இது பொய்" என்றார்.

"எது நானா? மூணு பாறையா? வேணும்னா ரெண்டாக்கிடலாம்."

"இது." விரலை எடுக்கவில்லை. 'யாரிடமும் சொல்லவில்லை.'

"அத விட்டுருங்க நானா. கதைக்கு அதுதான் அழகு" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

அந்த நேரம் றிகாஸ் உள்ளே வந்தான். பஸ் கொண்டக்டர், பழக்கமான பையன். தூண்டில் முள் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம தொட்டிமடுவுக்குப் போறோம் நானா, புள்ள குட்டியெல்லாம் கூட்டிட்டு. மழையெண்டாலும் பரவாயில்ல, தண்ணி கொறஞ்சிட்டா மீன் கையிலயே அம்புடுமாமே? இவர்தான் ஏதோ ஆறு நிண்ட கதை செல்லித் திரியிறார்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அது பொய்தானே நானா?"

ஸமீம் எழுந்தார். குடைகள் இருந்த மூலைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் கல்லாப் பக்கம் திரும்பி, முஷ்ரிபாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். என் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, அந்த ஒரு வரியை அடித்தார்.

இதற்குமேல் உள்ளதை நான் எழுதவில்லை, கேட்டதைப் போட்டிருக்கிறேன்.

"ஆறு நிண்டது றிகாஸ். நான் அதுக்கு நடுவுல இருந்தன். இவர் ஏங்கிட்ட வந்து, மேல அடைச்சீக்கு, வெள்ளம் வரப்போகுது, எல்லாரயும் ஏத்துங்க எண்டு சென்னார். ஏங்கிட்ட மட்டும்தான் சென்னார். நான் நம்பல்ல. தண்ணி இன்னம் எறங்குமாம், புடிங்க மகள் எண்டு இவக்கிட்ட சென்னது நான்." முள் பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "தண்ணி கொறஞ்சா புள்ளைகளத் தூக்கிட்டு மேல ஓடுங்க. பொய்யில்ல. நடந்திச்சு."